நீட் விண்ணப்பம் முதல் ஒதுக்கீட்டு ஆணை வரை: கையில் போன், மடியில் ஃபைல்

இரண்டு வருஷத்துக்கு முன்னால், கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த நேரம். ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, பாஸ்வேர்டு மறந்துபோச்சு. மாத்தலாம்னு பார்த்தா ஓடிபி வேற யாருக்கோ போகுது." மறுநாள் மாலையோடு கல்லூரி விருப்பப் பதிவு முடிகிறது. ஓடிபி யாருக்குப் போகிறது என்று விசாரித்தால், விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து கொடுத்த பிரவுசிங் சென்டர்காரருக்கு. கூட்டம் அதிகமாக இருந்ததால் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தன் நம்பரையே போட்டிருக்கிறார். காலை ஆறு மணிக்கு அவர் வீட்டைத் தேடிப்போய் எழுப்பினோம். நல்லவேளை, சிம் மாற்றவில்லை. ஆறு இலக்கத்தை அவர் வாசித்துச் சொல்ல, இவள் போனில் அடித்தாள். இரண்டு வருஷப் படிப்பு அந்த ஆறு இலக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

நீட் தேர்வுக்கு எப்படிப் படிப்பது என்று சொல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள், யூடியூப் இருக்கிறது. விண்ணப்பிப்பதை மட்டும் ஏனோ கடைசி நேரத்தில் யாரோ ஒருவர் கையில் விட்டுவிடுகிறோம். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. கூடவே, தேர்வு நாளையும் முடிவு வரும் நாளையும் வீட்டில் எப்படிக் கடப்பது என்பதைப் பற்றியும் கொஞ்சம்.

முதலில் ஒரு கணக்கு

2025-ஆம் ஆண்டு நீட் தேர்வை நாடு முழுவதும் 22 லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கும் அதிகம். நாட்டில் உள்ள எம்பிபிஎஸ் இடங்களோ சுமார் 1.2 லட்சம்தான், அதுவும் தனியார் கல்லூரிகளையும் சேர்த்து. அதாவது "குவாலிஃபைடு" என்று ரிசல்ட்டில் வந்த பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். பலர் வீட்டில் இந்த இடத்தில்தான் குழப்பம் வருகிறது. "பாஸ் ஆயிட்டான், அப்புறம் ஏன் சீட் இல்லை?" என்று அப்பா கேட்பார். பையனுக்கு விளக்கத் தெரியாது, தலையைக் குனிந்துகொள்வான். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான். இடம் கிடைப்பது தரவரிசையைப் பொறுத்தது. இதை ரிசல்ட்டுக்கு முன்பே வீட்டில் உள்ள பெரியவர்களுக்குச் சொல்லி வைத்துவிட்டால், அன்றைக்குப் பாதிச் சங்கடம் குறையும்.

ஒரு விண்ணப்பம் அல்ல, மூன்று

பலர் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இதைத்தான். நீட் எழுதினால் மார்க் தானாகவே கலந்தாய்வுக்குப் போய்விடும் என்று நினைக்கிறார்கள். போகாது.

முதல் விண்ணப்பம் தேர்வுக்கானது. தேசியத் தேர்வு முகமையின் இணையதளத்தில், பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச்சில் பதிவு நடக்கும். இரண்டாவது விண்ணப்பம் தமிழ்நாட்டு இடங்களுக்கானது. இதை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககத்தின் தேர்வுக்குழு நடத்துகிறது. அலுவலகம் சென்னை கீழ்ப்பாக்கத்தில் இருந்தாலும் விண்ணப்பம் முழுக்க ஆன்லைன்தான். மாநிலத்தில் உள்ள 36 அரசு மருத்துவக் கல்லூரிகளில் 85 சதவீத இடங்களும், தனியார் கல்லூரிகளின் அரசு ஒதுக்கீட்டு இடங்களும் இதன் வழியாகத்தான் நிரம்புகின்றன. மூன்றாவது, மத்திய மருத்துவக் கலந்தாய்வுக் குழுவில், அதாவது எம்சிசியில் செய்யும் பதிவு. எல்லா மாநில அரசுக் கல்லூரிகளிலும் உள்ள 15 சதவீத அகில இந்திய ஒதுக்கீடு, எய்ம்ஸ், ஜிப்மர், நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் எல்லாம் இதற்குள் வரும்.

சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி படிக்க நினைப்பவர்களுக்கும் நீட் மார்க் வேண்டும். ஆனால் விண்ணப்பம் தனி. அது இந்திய மருத்துவம் மற்றும் ஓமியோபதித் துறையின் தேர்வுக்குழுவுக்குப் போகிறது. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணைப் பார்த்து மாநில இடங்களைத் தருகிறது. பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம். போன்றவற்றுக்கும் பிளஸ் டூ மார்க்தான், அவற்றுக்கு மறுபடியும் தனி விண்ணப்பம். நீட் ரிசல்ட்டுக்காகக் காத்திருக்கும்போது இவற்றின் கடைசித் தேதி சத்தமில்லாமல் கடந்துபோய்விடும். "டாக்டர்தான் ஆகணும், வேறெதுக்கும் அப்ளை பண்ண மாட்டேன்" என்று பிடிவாதம் பிடிக்கும் பிள்ளையிடம் சண்டை போடாதீர்கள். விண்ணப்பித்து வைப்பது வேறு, சேர்வது வேறு என்று சொல்லிப் பாருங்கள். கதவைத் திறந்து வைத்தால் உள்ளே போயே ஆக வேண்டும் என்று கட்டாயமா என்ன?

நம்பர், இமெயில், பெயர்

விண்ணப்பத்தில் கொடுக்கும் மொபைல் எண் வீட்டில் ஒருவருடையதாக இருக்கட்டும். அடுத்த ஓராண்டுக்காவது ரீசார்ஜ் நிற்காத, எண் மாறாத போன். இமெயிலும் அப்படியே. மாணவரின் பெயரில் புதிதாக ஒன்று உருவாக்கி, பாஸ்வேர்டை நோட்டில் எழுதி வையுங்கள். ஆம், பேனாவால், காகிதத்தில். போன் தொலைந்தாலும் நோட்டு இருக்கும். இ-சேவை மையத்திலோ பிரவுசிங் சென்டரிலோ விண்ணப்பித்தால் ஒன்றும் தவறில்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கட்டத்தையும் நீங்களே படித்துப் பார்த்த பிறகு "சப்மிட்" அழுத்தச் சொல்லுங்கள். உறுதிப்படுத்தல் பக்கத்தின் பிடிஎப்பை உங்கள் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள்.

பெயர் விஷயத்தில் நம் ஊருக்கே உரிய தலைவலி இனிஷியல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் இனிஷியல் பின்னால் இருக்கும், ஆதாரில் முன்னால் இருக்கும், பான் கார்டில் அப்பா பெயரே விரிந்து கிடக்கும். நீட் விண்ணப்பத்தில் பெயர், பிறந்த தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடி இருக்க வேண்டும். ஆதார் அதோடு ஒத்துப்போகவில்லை என்றால் டிசம்பரிலேயே ஆதார் மையத்துக்குப் போய்த் திருத்துங்கள். பதினைந்து வயதில் செய்ய வேண்டிய கட்டாயக் கைரேகை, கருவிழிப் புதுப்பிப்பைப் பல பிள்ளைகள் செய்யாமலே இருக்கிறார்கள். போகிற கையோடு அதையும் முடித்துவிடுங்கள்.

போட்டோவுக்கும் விதி உண்டு. வெள்ளைப் பின்னணி, முகம் தெளிவாக, இரண்டு காதும் தெரிய வேண்டும். ஸ்டுடியோவில் "நீட்டுக்கு" என்று சொன்னாலே இப்போது எடுத்துத் தருகிறார்கள். அதே போட்டோவில் பாஸ்போர்ட் அளவிலும் அஞ்சலட்டை அளவிலும் கூடுதல் பிரதிகள் வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். தேர்வு நாளிலும் கலந்தாய்விலும் அதே போட்டோவைத்தான் கேட்பார்கள். திருத்தம் செய்ய விண்ணப்பம் முடிந்த பிறகு சில நாட்கள் தருவார்கள். அந்த நாட்களில் ஒருமுறை உள்ளே போய், தப்பு ஒன்றும் இல்லை என்று தெரிந்தாலும், முழுதாகப் படித்துப் பாருங்கள்.

கேள்வித்தாள் மொழியையும் இந்த விண்ணப்பத்திலேயே தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் கேட்டவர்களுக்குத் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த வினாத்தாள் கிடைக்கும். மொழிபெயர்ப்பில் ஐயம் வந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது. அதனால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைகள் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் பழகிக்கொள்வது நல்லது. "செல் சுவாசம்" என்று படிக்கும்போதே பக்கத்தில் அதன் ஆங்கிலச் சொல்லையும் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டாலும் போதும். தேர்வு அறையில் கண் அங்கே போகும்.

சாதிச் சான்றிதழில் ஒரு பொறி

எங்கள் தெருவில் ஒரு பையன், நல்ல மார்க். அகில இந்திய ஒதுக்கீட்டில் வெளிமாநில அரசுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைத்தது. ஒன்றரை நாள் ரயில் பயணம், அப்பாவும் பிள்ளையும் போனார்கள். சான்றிதழ் சரிபார்ப்பில், "இது மாநில அரசின் சான்றிதழ், மத்திய அரசின் ஓபிசி சான்றிதழ் எங்கே?" என்று கேட்டிருக்கிறார்கள். கையில் இருந்தது நம் வட்டாட்சியர் கொடுத்த மிகவும் பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ். அது செல்லாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பிறகு மாநிலக் கலந்தாய்வில் அவனுக்கு இடம் கிடைத்தது என்பதால் இன்றைக்கு இதைச் சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். திரும்பி வந்த அந்த ஒன்றரை நாள் ரயிலில் இருவரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லையாம்.

வித்தியாசம் இதுதான். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. இதற்கு மாநிலச் சாதிச் சான்றிதழ் போதும், பெற்றோர் வருமானத்தை யாரும் கேட்பதில்லை. அகில இந்திய ஒதுக்கீட்டில் ஓபிசிக்கு 27 சதவீதம். அங்கே உங்கள் சாதி மத்திய அரசின் பட்டியலிலும் இருக்க வேண்டும், "கிரீமி லேயர்" அல்லாதவர் என்ற சான்றும் வேண்டும். வருமான வரம்பு 8 லட்சம் ரூபாய். சம்பளமும் விவசாய வருமானமும் அந்தக் கணக்கில் சேராது, ஆனால் பெற்றோரின் அரசுப் பணி நிலை தனியாகப் பார்க்கப்படும். படிவம் வேறு. சாதிச் சான்றிதழைப் போல ஒருமுறை வாங்கி வாழ்நாள் முழுக்க வைத்திருக்க முடியாது, புதிதாக எடுக்க வேண்டும்.

இரண்டையும் இ-சேவை வழியாகவே விண்ணப்பிக்கலாம். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் என்று மூன்று படி ஏறி வரும். எனவே கலந்தாய்வு தொடங்கிய பிறகு ஓடாதீர்கள். விண்ணப்ப எண்ணை வைத்து நிலையைப் போனிலேயே பார்க்கலாம். ஒப்புதல் வந்ததும் டிஜிட்டல் கையொப்பத்தோடும் கியூஆர் குறியீட்டோடும் வரும் பிடிஎப்பைத் தரவிறக்கி, வாட்ஸ்அப்பில் மட்டும் விட்டுவைக்காமல் இமெயிலிலும் போட்டு வையுங்கள். வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் இவையும் அதே வழிதான். பள்ளிப் படிப்பை வெளிமாநிலத்தில் படித்தவர்களுக்குப் பிறப்பிடச் சான்றிதழ் கூடுதலாக வேண்டும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு

2020-இல் கொண்டுவரப்பட்ட சட்டத்தின்படி, அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் இதில் அடங்கும். அரசு உதவி பெறும் பள்ளி அடங்காது. ஒவ்வொரு ஆண்டும் இதில் ஏமாந்து போகும் பெற்றோர் உண்டு. "சம்பளம் அரசாங்கம்தானே தருது, புத்தகம் அரசாங்கம்தானே தருது" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் சட்டம் அப்படி. கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்து, ஒன்பது முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு இந்த ஒதுக்கீடு பொருந்தும்.

இந்த ஒதுக்கீட்டில் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்தாலும் அப்படித்தான். 2020-இல் இந்த ஒதுக்கீடு வந்த முதல் ஆண்டில், தனியார் கல்லூரி இடம் கிடைத்தும் பணம் கட்ட வழியில்லாமல் சிலர் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த பிறகுதான் கட்டண ஏற்பு அறிவிப்பு வந்தது. ஆகவே, "தனியார் காலேஜ், நம்மால முடியாது" என்று விருப்பப் பட்டியலிலிருந்து நீங்களாகவே நீக்கிவிடாதீர்கள்.

ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்ததற்கான சான்று தலைமையாசிரியரிடமிருந்து வேண்டும். இரண்டு மூன்று பள்ளியில் படித்திருந்தால் எல்லாப் பள்ளியின் விவரமும் வேண்டும். மே மாத விடுமுறையில் பள்ளி அலுவலகம் திறந்திருக்குமா என்பதை முன்பே கேட்டு வையுங்கள். ஒருமுறை எழுதி இடம் கிடைக்காமல் மறுபடி எழுதுபவர்களும் இந்த ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம்.

தேர்வு நாள்

வழக்கமாக மே மாதம் ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடியும். கதவு 1.30-க்கு மூடிவிடும். அதன் பிறகு எந்தக் காரணமும் செல்லாது. உள்ளே விடுவது காலை பதினொன்று வாக்கில் ஆரம்பித்துவிடும் என்பதால் சாப்பாட்டு நேரம் குளறுபடியாகும். பத்தரைக்குள் தயிர்சாதமோ இட்லியோ வயிற்றுக்கு ஒத்துப்போகிற ஏதாவது கொடுத்து அனுப்புங்கள். முந்தின நாளே ஒருமுறை மையத்துக்குப் போய் வழியைப் பார்த்து வந்துவிட வேண்டும். ஒரே பெயரில் இரண்டு பள்ளி உள்ள ஊர்கள் உண்டு.

அரைக்கைச் சட்டை, செருப்பு. ஷூ கூடாது. தோடு, மூக்குத்தி, கயிறு எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றிவிடுவது நல்லது. வாசலில் நின்று, பின்னால் வரிசை நெருக்க, அழுதுகொண்டே கழற்றிய பெண் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அப்படி உள்ளே போன பிள்ளைக்கு முதல் அரை மணி நேரம் கேள்வி கண்ணில் ஏறாது. மதக் காரணத்துக்காகவோ மருத்துவக் காரணத்துக்காகவோ வேறு உடையில் வர வேண்டியவர்கள் சோதனைக்காகச் சற்று முன்னதாகவே வந்துவிட வேண்டும். ஹால் டிக்கெட், போட்டோ, அசல் அடையாள அட்டை, உள்ளே இருப்பது தெரிகிற தண்ணீர் பாட்டில் இவ்வளவு போதும். பேனா உள்ளேயே தருவார்கள்.

2025 முதல் 180 கேள்விக்கு 180 நிமிடம். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. அதற்கு முன் சில ஆண்டுகள் 200 கேள்வி கொடுத்து 180-ஐத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பழைய வினாத்தாளில் பயிற்சி எடுப்பவர்கள் இந்த மாற்றத்தை நினைவில் கொள்ளுங்கள். சரியான விடைக்கு 4, தவறுக்கு ஒன்று கழியும். தெரியாத கேள்வியை என்ன செய்வது என்று எல்லாப் பிள்ளைகளும் கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒன்றுமே தெரியாத 40 கேள்விக்குக் கண்ணை மூடி விடை குறித்தால், சராசரியாகப் பத்து சரியாகும். 40 மார்க் வரும், 30 போகும், மிச்சம் 10. ஆனால் அன்றைக்கு அதிர்ஷ்டம் ஆறோடு நின்றுவிட்டால் வரவு 24, செலவு 34. கையில் இருப்பதில் 10 போச்சு. அதுவே நான்கு விடைகளில் இரண்டை "இது கண்டிப்பா இல்லை" என்று அடிக்க முடிந்த கேள்வியாக இருந்தால் கணக்கு மாறுகிறது. அப்படிப்பட்ட பத்துக் கேள்வியில் ஐந்து சரி, ஐந்து தப்பு என்றாலும் 15 மார்க் மிச்சம். ஆக, இரண்டை நீக்க முடிந்தால் எழுதலாம், ஒன்றையும் நீக்க முடியாவிட்டால் விட்டுவிட்டு நகரலாம். இதைத் தேர்வு அறையில் யோசிக்கக் கூடாது. மாதிரித் தேர்விலேயே பழகி முடித்திருக்க வேண்டும்.

ஓஎம்ஆர் தாளில் ஒருமுறை குறித்ததை அழிக்க முடியாது. கடைசிப் பத்து நிமிடத்தில் மொத்தமாகக் குறித்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது பெரிய ஆபத்து. பக்கம் பக்கமாகக் குறித்துக்கொண்டே போவது மேல். வினாத்தாளை வீட்டுக்கு எடுத்து வரலாம். தற்காலிக விடைக்குறிப்பு வரும்போது உங்கள் ஓஎம்ஆர் தாளின் படமும் இணையதளத்தில் வரும். விடைக்குறிப்பு தவறு என்று உறுதியாகத் தெரிந்தால் கேள்விக்கு 200 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம்.

விருப்பப் பதிவு

நான் பார்த்தவரை அதிகம் பேர் தப்புப் பண்ணுவது இங்கேதான். "எனக்கு இந்த காலேஜ் கிடைக்காது, அதனால கீழ போட்டுட்டேன்" என்பார்கள். அப்படிச் செய்யாதீர்கள். கணினி தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்து, அவர் கொடுத்த வரிசையில் முதலாவதாகக் காலியாக உள்ள இடத்தைத் தருகிறது. கிடைக்காத கல்லூரியை மேலே போட்டதால் கீழே உள்ளது பறிபோகாது. ஆனால் கிடைக்கக்கூடிய நல்ல கல்லூரியைக் கீழே போட்டால், மேலே போட்ட சுமாரானதுதான் வரும். உங்களுக்கு உண்மையில் எது வேண்டுமோ அதை முதலில் போடுங்கள். போட்டு முடித்ததும் "லாக்" செய்து, அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து வையுங்கள்.

எம்சிசி கலந்தாய்வில் பதிவுக் கட்டணத்தோடு வைப்புத்தொகையும் உண்டு. அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் பொதுப்பிரிவினருக்கு 10,000 ரூபாய், ஓபிசி, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 5,000. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களையும் சேர்த்தால் 2 லட்சம். முதல் சுற்றில் கிடைத்த இடம் பிடிக்கவில்லை என்றால் சேராமல் விடலாம், பணம் போகாது. இரண்டாம் சுற்றில் கிடைத்து, சேராமல் விட்டால் வைப்புத்தொகை போய்விடும். கடைசியாக நடக்கும் காலியிடச் சுற்றில் இடம் வாங்கிவிட்டுச் சேராவிட்டால் அடுத்த ஆண்டு நீட் எழுதவே தடை வரும். மாநிலக் கலந்தாய்வும் எம்சிசியும் மாறி மாறி நடப்பதால் எங்கே சேர்வது, எங்கே விலகுவது என்பதற்கு ஒவ்வொரு சுற்றிலும் தேதி உண்டு. அந்தத் தேதிகளை அடுப்படி காலண்டரில் வட்டம் போட்டு வைத்தது எங்கள் அக்கா. கணினி படித்த யாருக்கும் அந்த யோசனை வரவில்லை.

இன்னொன்று, மாற்றுச் சான்றிதழ். ஒன்றுதான் அசல். பாதுகாப்புக்காக இன்ஜினியரிங்கிலோ நர்சிங்கிலோ சேர்ந்துவிட்டு, பிறகு மருத்துவ இடம் கிடைத்ததும் அசல் சான்றிதழ்களுக்காக அலைபவர்கள் உண்டு. சேரும் நாளிலேயே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, இரண்டு மூன்று செட் நகலும் எடுத்துக்கொண்டு, கொடுத்த அசல்களுக்கு எழுத்தில் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கலந்தாய்வு நேரத்தில் உங்கள் எண்ணுக்கு அழைப்புகள் வரத் தொடங்கும். "மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தர்றோம், அட்வான்ஸ் மட்டும் போடுங்க" என்பார்கள். நிர்வாக ஒதுக்கீட்டு இடங்களும் தேர்வுக்குழு வழியாக, தரவரிசைப்படிதான் நிரப்பப்படுகின்றன. இடையில் ஆள் கிடையாது. பணம் போட்டு ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

ரிசல்ட் அன்றைக்கு

அக்கா மகளுக்கு முதல் முறை வரவில்லை. ரிசல்ட் பார்த்துவிட்டு அவள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள். அக்கா ஒன்றும் கேட்கவில்லை, காபி போட்டுக்கொண்டு வந்தாள். அதைவிடச் சரியாக அன்றைக்கு யாரும் எதையும் செய்திருக்க முடியாது என்று இப்போது தோன்றுகிறது. நான்தான் வாய் சும்மா இராமல் "எவ்வளவும்மா?" என்று கேட்டுவிட்டேன்.

முடிவு வந்த முதல் இரண்டு மூன்று நாளில் மார்க்கைப் பற்றிய பேச்சு வேண்டாம். சொந்தக்காரர்கள் போனை அப்பாவோ அம்மாவோ எடுக்கட்டும். "அடுத்து என்ன" என்ற கேள்வியும் காத்திருக்கலாம். கவனிக்க வேண்டியது வேறு. சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு நெடுநேரம் இருக்கிறாளா, தன் பொருள்களை யாருக்காவது கொடுக்கிறாளா, "நான் இல்லாட்டி உங்களுக்குச் செலவு மிச்சம்" போன்ற பேச்சு வருகிறதா. இதில் எது தெரிந்தாலும் தனியாக விடாதீர்கள். அதட்டவும் வேண்டாம், அறிவுரையும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது, வாய்விட்டுச் சொல்ல ஒரு வழி கிடைக்கும்.

104 என்ற மருத்துவ உதவி எண்ணில் தமிழிலேயே ஆலோசகர்கள் பேசுவார்கள். நீட் எழுதிய மாணவர்களுக்காக அரசு இந்த எண் வழியாகத் தனியாக ஆலோசனை வழங்கி வருகிறது. 14416 என்ற எண்ணில் "நட்புடன் உங்களோடு" மனநல சேவை எந்த நேரமும் கிடைக்கும், கட்டணம் இல்லை. பள்ளி, உயர்கல்வி சம்பந்தமான சந்தேகங்களுக்கு 14417. இந்த மூன்று எண்ணையும் ரிசல்ட்டுக்கு முன்பே பிள்ளையின் போனில் சேமித்துக் கொடுங்கள். பெற்றோரும் பேசலாம். தேர்வு எழுதியது பிள்ளை மட்டும் என்று நாம் நினைக்கிறோம், வீடே எழுதியிருக்கிறது.

மறுபடி எழுதுவதா என்பதை ஒரு மாதம் கழித்து முடிவு செய்யலாம். நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம், உச்ச வயது வரம்பும் இல்லை. குறைந்தபட்ச வயது மட்டும் சேரும் ஆண்டு டிசம்பர் 31-க்குள் 17 ஆகியிருக்க வேண்டும். ஆனால் முடியும் என்பதற்காக எழுதிக்கொண்டே இருப்பதா என்பது வேறு கேள்வி. போன முறை ஓஎம்ஆர் படத்தையும் விடைக்குறிப்பையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தெரிந்தும் தவறியவை எத்தனை, தெரியாமல் விட்டவை எத்தனை? தெரிந்து தவறியதே பெரும்பகுதி என்றால் இன்னொரு ஆண்டு பயன் தரும். இயற்பியலில் பாதிப் பாடம் புரியவே இல்லை என்றால், அதே பயிற்சி மையத்தில் அதே நோட்டைத் திருப்பிப் படிப்பதில் பெரிய மாற்றம் வராது. வேறு ஆசிரியர் வேண்டும், அல்லது வேறு படிப்பு. என் மருமகள் இரண்டாம் முறை எழுதியபோது செய்த ஒரே மாற்றம் இயற்பியலைக் காலையில் படித்ததுதான், உயிரியலை அவள் தொடவே இல்லை, அது ஏற்கெனவே கைவசம் இருந்தது. கூடவே நர்சிங்குக்கும் கால்நடை மருத்துவத்துக்கும் விண்ணப்பித்திருந்தாள்.

இந்த முறை எல்லா விண்ணப்பத்திலும் அக்காவின் போன் நம்பர். ஒவ்வொரு ஓடிபி வரும்போதும் அக்கா அடுப்படியிலிருந்து சத்தமாக வாசிப்பாள், தெருவுக்கே கேட்கும். "சத்தமா சொல்லாதம்மா, ஓடிபிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று இவள் கத்துவாள்.